தேதியைக் கணிக்கும் நிரலும் தேதியைப் படிக்கும் ஆய்வும்: தமிழ் நாட்காட்டி நோக்கில் ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

நாட்காட்டிக் கணக்குகளுக்கான கணினி நிரல்கள் இன்று தமிழாய்வின் அன்றாடக் கருவிகளாகிவிட்டன. கல்வெட்டு, ஓலைச்சுவடி, நாட்குறிப்பு, வாழ்க்கை வரலாறு ஆகியவற்றில் காணப்படும் தேதிகளை ஐரோப்பியத் தேதிகளாக மாற்ற ஆய்வாளர் இவற்றையே நாடுகின்றனர். இத்தகைய நிரல்களுக்கு அடித்தளமாக விளங்கும் நாகும் டெர்ஷோவிட்ஸ், எட்வர்ட் ரெயின்கோல்ட் ஆகியோரின் 'காலண்ட்ரிக்கல் கால்குலேஷன்ஸ்' என்னும் நூலைத் தமிழ் நாட்காட்டியின் நோக்கிலிருந்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது. நாட்காட்டி நிரல் ஒவ்வொன்றும் ஒரு மரபைத் தேர்ந்துகொண்ட பிறகே கணக்கிடத் தொடங்குகிறது என்பதும், அத்தேர்வை விடையோடு சேர்த்து வெளிப்படுத்தாத நிரல் ஆய்வுச் சான்றாகாது என்பதும் இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: நாட்காட்டி, நிரல், நாள்தொடரெண், சங்கராந்தி, வாக்கியம், சூரிய சித்தாந்தம், ஆட்சியாண்டு, கல்வெட்டு.

1. முன்னுரை

எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1911-இல் 'இந்தியன் குரோனாலஜி' என்னும் நூலையும், 1922 முதல் 'ஆன் இந்தியன் எஃபிமெரிஸ்' என்னும் பெருந்தொகுதிகளையும் வெளியிட்டார். பின்னது கி.பி. 700 முதல் 1799 வரையிலான ஆண்டுகளுக்கு நாள்வாரியான அட்டவணைகளைத் தந்தது. தென்னிந்தியக் கல்வெட்டுகளின் காலத்தை வரையறுக்க முற்பட்ட அறிஞர் தலைமுறைகள் பல அத்தொகுதிகளைப் பயன்படுத்தின. அவ்வட்டவணைகளைக் கொண்டு ஒரு தேதியைப் பெற வேண்டுமாயின், எந்தச் சித்தாந்தம், எந்த ஆண்டுமுறை, எந்த மாதத் தொடக்கம் என்பவற்றைப் படிப்பவர் தாமே தீர்மானிக்க வேண்டியிருந்தது. கணக்கு மெதுவாக நடந்தது. ஆனால் அதன் ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரிந்தது.

இன்று அந்நிலை மாறியுள்ளது. ஆய்வாளர் ஒரு கட்டத்தில் தேதியை இடுகிறார். இன்னொரு கட்டத்தில் விடை தோன்றுகிறது. இடையில் நிகழ்ந்த முடிவுகள் எவையென அவருக்குத் தெரிவதில்லை. அவ்விடை அடிக்குறிப்பில் ஏறி, அங்கிருந்து வேறொரு கட்டுரைக்குச் சென்று, சில ஆண்டுகளில் ஐயத்துக்கு இடமற்ற செய்தியாகிவிடுகிறது. ஒரு நாள் பிழை அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால் கிழமையும் நட்சத்திரமும் பொருந்துகின்றனவா என்பதைக் கொண்டே ஒரு சாசனத்தின் உண்மைத்தன்மையைச் சோதிக்கும் துறையில், ஒரு நாள் பிழை ஒரு சாசனத்தைப் போலியென்று ஒதுக்கப் போதுமானது. ஆகவே நிரல்களையும் பதிப்புகளைப் போலவே திறனாய்வுக்கு உட்படுத்த வேண்டியுள்ளது.

2. நூலின் சிறப்பு: எல்லா நாட்காட்டிகளுக்கும் ஒரே எண்

டெர்ஷோவிட்ஸும் ரெயின்கோல்டும் 1990-இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, 1997-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்தின் வழியாக நூலாக விரிந்தது. அதன் நான்காம் பதிப்பு 2018-இல் வெளிவந்தது. கிரிகோரியன், ஜூலியன், யூதம், இசுலாமியம், பாரசீகம், சீனம், மாயன், இந்து முதலிய நாட்காட்டிகளுக்கான கணக்குமுறைகளை அது விளக்குவதோடு, அவற்றின் நிரல்களை 'காமன் லிஸ்ப்' மொழியில் முழுமையாக அச்சிட்டும் தருகிறது. கணக்கை விளக்கிவிட்டு நிரலை மறைத்துவைக்கும் வழக்கம் அந்நூலில் இல்லை. இதுவே அதன் முதற்சிறப்பு.

நூலின் மையக் கருத்து எளியது. ஒரு நாட்காட்டியிலிருந்து இன்னொன்றுக்கு நேராக மாற்ற முயல்வதற்குப் பதிலாக, எல்லாத் தேதிகளையும் முதலில் ஒரு நாள்தொடரெண்ணாக மாற்றுவதே அது. கிரிகோரியன் முறையைப் பின்னோக்கி நீட்டினால் கிடைக்கும் முதலாம் ஆண்டின் சனவரி முதல் நாள், ஒரு திங்கட்கிழமை, எண் 1 ஆகும். பதினைந்து நாட்காட்டிகளுக்கு இடையே நேரடி மாற்றங்களை எழுதினால் 210 செயற்கூறுகள் தேவைப்படும். நாள்தொடரெண்ணை நடுவில் வைத்தால் 30 போதும். இம்முறை பரவலாக ஏற்கப்பட்டது. பைத்தான் மொழியின் தேதி நூலகம் இதே எண்ணைப் பயன்படுத்துகிறது. அதன் ஆவணம் இந்நூலைப் பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறது.

இந்திய வானியலுக்கு இக்கருத்து புதிதன்று. கலியுகத் தொடக்கத்திலிருந்து நாள்களை எண்ணும் 'அகர்கணம்' இதே பணியைச் செய்தது. கலித் தொடக்கம் ஜூலியன் முறையில் கி.மு. 3102 பிப்ரவரி 18. நூலின் எண்ணில் −1132959. மேல்புத்தூர் நாராயண பட்டதிரியின் 'நாராயணீயம்' நிறைவுறும் சொற்களைக் கடபயாதி முறையில் எண்ணாக்கினால் 1712210 என்னும் கலிநாள் கிடைப்பதும், அது 1586-ஆம் ஆண்டின் இறுதியில் அமைவதும் பலரும் அறிந்தவை. மாதமும் ஆண்டும் இல்லாமல், நாளை ஒரே எண்ணாகக் காணும் பழக்கம் இங்கும் இருந்தது என்பதற்கு அது சான்று.

நூலின் இரண்டாம் சிறப்பு, சிறிய செயல்களிலும் அது காட்டும் கவனம். வகுத்தலின் மீதி என்பதை நூல் தொடக்கத்திலேயே வரையறுக்கிறது. அது தேவையற்ற நுணுக்கமாகத் தோன்றக்கூடும். அறுபதாண்டுச் சுழற்சியை எடுத்துக்கொண்டால் அதன் தேவை விளங்கும். 1987 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டு பிரபவ. ஆகவே ஓர் ஆண்டிலிருந்து 1987-ஐக் கழித்து, 60-ஆல் வகுத்து, மீதியோடு 1-ஐக் கூட்டினால் ஆண்டுப் பெயரின் வரிசை எண் கிடைக்கும். 2024-க்கு 37 மீதி. 38-ஆம் பெயர் குரோதி. 1882-க்கு இதைச் செய்தால் −105 வருகிறது. அதை 60-ஆல் வகுக்கும்போது பைத்தான் தரும் மீதி 15. சி, ஜாவா மொழிகள் தரும் மீதி −45. முன்னதன்படி 16-ஆம் பெயராகிய சித்திரபானு சரியாகக் கிடைக்கிறது. பின்னதன்படி −44-ஆம் பெயரைத் தேட நேர்கிறது. 1987-க்குப் பிந்தைய ஆண்டுகளைக் கொண்டு மட்டுமே சோதிக்கப்பட்ட நிரலில் இப்பிழை தலைகாட்டாது. பழைய ஆவணத்தை எடுக்கும்போதே வெளிப்படும். வரலாற்று ஆய்வுக்கோ பழைய ஆவணங்களே தேவை.

3. மாதத்தின் முதல் நாள் எது?

தமிழ் மாதம் சூரியன் ஒரு இராசியில் நுழையும் கணத்தை ஒட்டியது. அக்கணம் நாளின் எப்பொழுதிலும் நிகழலாம். ஆனால் மாதம் ஒரு முழு நாளில்தான் தொடங்க வேண்டும். இந்த இடைவெளியை நிரப்ப வட்டாரந்தோறும் ஒரு விதி உள்ளது. தமிழ் வழக்கில் சங்கராந்தி சூரிய மறைவுக்கு முன் நிகழ்ந்தால் அன்றே முதல் தேதி. மறைவுக்குப் பின் நிகழ்ந்தால் மறுநாள். கேரள வழக்கில் எல்லை சூரிய உதயத்திலிருந்து 18 நாழிகை, அதாவது ஏறத்தாழப் பிற்பகல் 1 மணி 12 நிமிடம். ஒடிசாவில் எந்நேரம் நிகழ்ந்தாலும் அந்நாளே முதல் தேதி. வங்காளத்தில் நள்ளிரவு எல்லை. அதற்கு முன்னாயின் மறுநாளும், பின்னாயின் அதற்கடுத்த நாளும் முதல் தேதியாகும். இவ்விதிகளைச் சூவெல்லும் சங்கர பாலகிருஷ்ண தீட்சிதரும் 1896-இலேயே தொகுத்துரைத்துள்ளனர்.

நூலின் முதன்மைச் செயற்கூறு ஒடிசா விதியை மேற்கொள்கிறது. மறுநாள் சூரிய உதயத்தின்போது சூரியன் எந்த இராசியில் உள்ளது என்பதைப் பார்த்து மாதத்தை அது தீர்மானிக்கிறது. தமிழ், மலையாள, வங்காள விதிகளை நூலாசிரியர்கள் அறியாதவர்கள் அல்லர். அவற்றை மாற்று வழிகளாகக் குறிப்பிடுகின்றனர். ஆனால் நூலைப் படிப்பவருக்குத் தெரியும் இச்செய்தி, நிரலை மட்டும் எடுத்துப் பயன்படுத்துபவரைச் சென்றடைவதில்லை. செயற்கூறின் பெயரில் 'இந்து சூரிய நாட்காட்டி' என்னும் பொதுமை இருக்கிறது; அது ஒரு வட்டாரத்தின் விதி என்னும் தகவல் இல்லை.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். சுப்பிரமணிய பாரதியார் 1882 டிசம்பர் 11 அன்று, சித்திரபானு ஆண்டு கார்த்திகை 27-இல் பிறந்தார் என்பது வரலாற்று நூல்கள் தரும் செய்தி. அந்நாளின் நாள்தொடரெண் 687366. அதை ஏழால் வகுத்தால் மீதி 1, எனவே திங்கட்கிழமை. கலிநாள் 1820325. இதுவரை எவ்விதக் கருத்து வேறுபாட்டுக்கும் இடமில்லை.

மாதத் தேதிக்கு வரும்போது நிலை வேறாகிறது. சூரிய சித்தாந்தப்படி கலி 4983 ஆண்டுகள் முடிந்த கணத்தில் மத்திம சூரியன் மேடத்தில் நுழைவது 1882 ஏப்ரல் 14 காலை 9 மணியளவில். மெய்ச்சூரியன் அதற்கு ஏறத்தாழ 2 நாள் 4 மணி முன்னரே, ஏப்ரல் 12 விடியற்காலையில் நுழைந்துவிடுகிறது. அதிலிருந்து ஏழு சூரிய மாதங்கள், அதாவது ஏறத்தாழ 216 நாள் 20 மணி கழிந்து விருச்சிக சங்கராந்தி நிகழ்கிறது. கணக்கிட்டால் அது நவம்பர் 14-ஆம் நாள் இரவு, நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில் அமைகிறது. சூரிய உதயம் முதல் மறு உதயம் வரை ஒரு நாள் என்னும் மரபில் அது இன்னும் நவம்பர் 14-ஆம் நாளே.

ஒடிசா விதிப்படி அந்நாளே மாதத்தின் முதல் தேதி. டிசம்பர் 11 என்பது 28-ஆம் தேதி. தமிழ் விதிப்படி சூரிய மறைவு கடந்துவிட்டதால் நவம்பர் 15 முதல் தேதி. டிசம்பர் 11 என்பது 27. வங்காள விதிப்படி நள்ளிரவும் கடந்துவிட்டதால் நவம்பர் 16 முதல் தேதி. டிசம்பர் 11 என்பது 26. கிழமையிலும் சங்கராந்திக் கணத்திலும் எவ்வித மாற்றமும் இல்லாமலேயே ஒரே நாளுக்கு மூன்று எண்கள் கிடைக்கின்றன. மரபு தரும் கார்த்திகை 27, தமிழ் விதியோடு சரியாகப் பொருந்துகிறது. நூலின் முதன்மை நிரலை அப்படியே இயக்கி 28 என்னும் விடையைப் பெறும் ஒருவர், மரபுச் செய்தி பிழையென்று முடிவுகட்டக்கூடும். அங்கே பிழை மரபில் இல்லை. வினாவுக்குரிய விதியைத் தேராத நிரலில் இருக்கிறது.

4. சித்தாந்தக் கணக்கும் வாக்கியக் கணக்கும்

விதியைத் திருத்திவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று கொள்வதற்கில்லை. நூலின் இந்து நாட்காட்டிப் பகுதி சூரிய சித்தாந்தத்தின் எண்களை அடிப்படையாகக் கொள்கிறது. உஜ்ஜயினியை இடமாகக் கொள்கிறது. தமிழகத்துப் பஞ்சாங்க மரபிலோ வாக்கிய முறை நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. அது ஆரியபட மரபைத் தழுவியது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியதாகத் தோன்றும். 43,20,000 ஆண்டுகளில் 157,79,17,828 நாள்கள் என்பது சூரிய சித்தாந்தம். 157,79,17,500 நாள்கள் என்பது ஆரியபட்டீயம். பின்னதை ஓர் ஆண்டுக்கு வகுத்தால் 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை என்னும் தமிழ்ப் பஞ்சாங்க ஆண்டளவு கிடைக்கிறது. ஆண்டுக்கு ஆறரை விநாடிதான் வேறுபாடு. ஆனால் கலியாண்டு ஐயாயிரத்தைக் கடந்துவிட்டது. ஒன்பதே கால் மணிக்கு மேல் வேறுபாடு திரண்டுள்ளது. சூரிய சித்தாந்தம் கலித் தொடக்கத்தை நள்ளிரவிலும் ஆரியபட்டீயம் சூரிய உதயத்திலும் வைப்பதால் அதில் ஆறு மணி ஈடாகிவிடுகிறது. எஞ்சுவது இன்று ஏறத்தாழ 3 மணி 20 நிமிடம். மெய்ச்சூரியனுக்கு இது ஓரளவு கூடிக் குறையும். எனினும் சராசரியாக ஏழெட்டுச் சங்கராந்திகளில் ஒன்று, ஒரு கணக்கில் சூரிய மறைவுக்கு முன்னும் மற்றொரு கணக்கில் பின்னும் விழ வாய்ப்புண்டு. அப்போது மாதத் தொடக்கம் ஒரு நாள் மாறும். மேற்கண்ட 1882-ஆம் ஆண்டு எடுத்துக்காட்டில் ஆரியபட முறையில் சங்கராந்தி இரவு பத்தரை மணியளவுக்கு முன்னேறுகிறது. தமிழ் விடை மாறவில்லை. ஆனால் வங்காள விதியைக் கொண்டால் 26 என்பது 27 ஆகிவிடும்.

வாக்கிய முறையைத் 'துல்லியம் குறைந்தது' என்று ஒதுக்குவது வரலாற்று ஆய்வுக்குப் பொருந்தாது. ஒரு நாட்குறிப்பாளர் தம் தேதியை வானத்தைப் பார்த்து எழுதவில்லை. கையிலிருந்த பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுதினார். அப்பஞ்சாங்கம் வானியல் நோக்கில் பிழைபட்டிருந்தாலும், ஆவணத்தின் தேதி அப்பிழையோடு சேர்ந்ததே. ஆகவே நாம் மீட்க வேண்டியது சூரியனின் உண்மை நிலையை அன்று. பஞ்சாங்கம் கணித்தவரின் கணக்கை.

அந்தக் கணக்கே ஒரு நிரல் என்பதும் கருதத்தக்கது. 1825-இல் சென்னையில் 'கால சங்கலித' என்னும் நூலை வெளியிட்ட ஜான் வாரன், புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர் தரையில் கிளிஞ்சல்களை வைத்து, மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவுசெய்துள்ளார். ஆட்டோ நொய்கபாவர் 1952-இல் 'தமிழ் வானியல்' என்னும் தலைப்பில் எழுதிய ஆய்வு இப்பதிவை விரிவாக ஆராய்கிறது. எண்களைச் சொற்களில் பொதிந்து நினைவில் நிறுத்தும் வாக்கியங்கள் தரவுகளாகின்றன. கிளிஞ்சல்களை நகர்த்தும் ஒழுங்கு கட்டளைகளாகிறது. தி. சா. குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் 1962-இல் பதிப்பித்த 'வாக்கியகரணம்' இம்முறைக்கு ஒரு முழுமையான வடிவத்தை நம்முன் வைக்கிறது. அதனை நிரலாக எழுதி, சூரிய சித்தாந்த நிரலுக்கு அருகில் வைத்து ஒப்பிடுவது தமிழாய்வு செய்யத்தக்க பணி. உலக நாட்காட்டிகள் அனைத்தையும் ஒரு நூலில் அடக்கும் முயற்சியில் இத்தகைய வட்டார நுட்பம் விடுபடுவது இயல்பு. அவ்விடுபாட்டை நிரப்பும் கடமை நம்முடையது.

5. ஐரோப்பியத் தேதியும் பொதுத்தேதி அன்று

தமிழ்த் தேதியே சிக்கலானது, ஐரோப்பியத் தேதி ஐயமற்றது என்னும் எண்ணமும் திருத்தத்துக்குரியது. 1746-இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றிய நாள், ஆங்கிலேயர் பதிவுகளின்படி செப்டம்பர் 10; பிரெஞ்சுப் பதிவுகளின்படி செப்டம்பர் 21. இரண்டும் ஒரே நாள். புதுச்சேரி கிரிகோரியன் முறையிலும், சென்னை 1752 வரை ஜூலியன் முறையிலும் தேதியிட்டன. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைச் சென்னைக் கோட்டை ஆவணங்களோடு ஒப்பிடுபவர் ஒவ்வொரு பக்கத்திலும் இந்தப் பதினொரு நாளை நினைவில் கொள்ள வேண்டும்.

நிரல்கள் இதனை எவ்வாறு கையாள்கின்றன? ஜாவாவின் கிரிகோரியன் நாட்காட்டி வகை, வேறு கட்டளை இல்லாதவரை, 1582 அக்டோபர் 15-ஐ மாற்ற நாளாகக் கொள்கிறது. பைத்தானின் தேதி நூலகம் மாற்றமே நிகழாதது போல் கிரிகோரியன் முறையைக் கடந்த காலம் முழுவதற்கும் நீட்டுகிறது. மைக்ரோசாஃப்ட் எக்செல் 1900-க்கு முந்தைய தேதிகளைத் தேதிகளாகவே ஏற்பதில்லை. 'லோட்டஸ் 1-2-3' மென்பொருளோடு இசைந்திருக்க வேண்டி, நடவாத 1900 பிப்ரவரி 29-ஐயும் தன் வரிசையில் வைத்திருக்கிறது. கல்வெட்டுத் தரவுகளையும் நாட்குறிப்புத் தரவுகளையும் விரிதாளில் தொகுக்கும் பழக்கம் வளர்ந்துவரும் சூழலில் இவை வெறும் தொழில்நுட்பச் செய்திகள் அல்ல.

1746 செப்டம்பர் 10 என்று ஜாவாவிலோ பைத்தானிலோ இட்டால் சனிக்கிழமை என்று விடை வரும். கோட்டை வீழ்ந்ததோ புதன்கிழமை. கிழமை குறிக்கப்பட்ட ஆவணமாயின் பிழை உடனே பிடிபடும், குறிக்கப்படாததாயின் பிடிபடாது. எந்த அலுவலகம் எந்த முறையில் தேதியிட்டது என்பதை நிரல் தானாக அறிய இயலாது. அதை ஆய்வாளரிடம் கேட்டுப் பெறும் வகையில் நிரல் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

6. ஒரு நாளும் ஒரு காலப்பரப்பும்

நூலின் அடிப்படை நிலைப்பாட்டிலேயே ஒரு வரம்பு உண்டு. தேதி என்பது ஒரு நாள். நாள் என்பது ஒரு முழு எண். நிகழ்காலப் பயன்பாட்டுக்கு இது போதும். கல்வெட்டுக்கு இது போதாது.

முதலாம் இராசராசனின் ஆட்சி கி.பி. 985 சூன் 25-க்கும் சூலை 25-க்கும் இடையில் ஒரு நாளில் தொடங்கியது என்பது கீல்ஹார்ன் வரையறுத்த முடிவு. பல கல்வெட்டுகளின் கிழமை, நட்சத்திரக் குறிப்புகளை ஒப்பிட்டே இந்த ஒரு மாத எல்லைக்கு அவர் வந்தார். ஆகவே 'யாண்டு மூன்றாவது' என்று மட்டும் கூறும் ஒரு கல்வெட்டு 987 சூன் 25 முதல் 988 சூலை 25 வரை எந்நாளிலும் வெட்டப்பட்டிருக்கலாம். அது ஒரு நாள் அன்று. பதின்மூன்று மாதக் காலப்பரப்பு. அதனை '987' என்று ஒரே எண்ணாக இடும் நிரல், கீல்ஹார்ன் காத்த ஐயத்தை ஒரே அடியில் அழித்துவிடுகிறது.

கிழமையும் நட்சத்திரமும் குறிக்கப்பட்டிருந்தால் பரப்பு சுருங்கும். ஏழு கிழமைகளும் இருபத்தேழு நட்சத்திரங்களும் சேர்ந்து 189 இணைகள். ஏறத்தாழ 396 நாள் கொண்ட மேற்கண்ட பரப்பில் ஒரு குறிப்பிட்ட இணை சராசரியாக இருமுறை வரும். மாதமோ திதியோ பக்கமோ கூடுதலாகக் கிடைத்தால்தான் ஒன்றைத் தேர இயலும். முதலில் கிடைத்த பொருத்தத்தோடு நின்றுவிடும் நிரல் சரியான விடையைத் தரலாம், தராமலும் போகலாம். எத்தனை பொருத்தங்கள் உள்ளன என்பதைச் சொல்லாதவரை அவ்விடையை எடைபோட வழியில்லை.

பாண்டியர் கல்வெட்டுகளில் காணப்படும் 'எதிர்' ஆண்டு வழக்கு இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. ஓர் ஆட்சியாண்டும் அதற்கு எதிரான மற்றோர் ஆண்டும் என இரண்டு எண்கள் அங்கே தரப்படுகின்றன. அவற்றைக் கூட்டிக்கொள்வது பொதுவான வழக்கம். ஆனால் ஆவணம் தருவது இரண்டு எண்களையே. கூட்டுத்தொகை ஆய்வாளரின் விளக்கம். தரவுத்தளத்தில் கூட்டுத்தொகையை மட்டும் பதிபவர், விளக்கத்தைச் சான்றின் இடத்தில் வைத்துவிடுகிறார். சக ஆண்டு சென்ற ஆண்டா நடப்பு ஆண்டா என்னும் வினாவுக்கும் இது பொருந்தும். அறுபதாண்டுப் பெயருக்கும் இது பொருந்தும்: வடபுல வழக்கில் வியாழனின் இயக்கத்தை ஒட்டி ஏறத்தாழ 85 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பெயர் விடப்படும், தென்னாட்டில் அவ்வாறு விடப்படுவதில்லை.

7. ஆய்வு நிரலுக்குரிய நெறிகள்

மேற்கண்ட மதிப்பீட்டிலிருந்து சில நெறிகள் பெறப்படுகின்றன.

முதலாவது, தமிழ்த் தேதியைக் கணிக்கும் செயற்கூறு மாதத் தொடக்க விதி, சித்தாந்தம், இடம் ஆகிய மூன்றையும் உள்ளீடாகக் கேட்க வேண்டும். இவற்றுக்கு முன்னிருப்பு மதிப்பு வைப்பதைத் தவிர்ப்பது நன்று. பயன்படுத்துபவருக்கு அது சிறு தொல்லையே. ஆனால் அத்தொல்லைதான் அவரைச் சிந்திக்கவைக்கும்.

இரண்டாவது, விடையோடு சங்கராந்திக் கணமும் தரப்பட வேண்டும். அக்கணம் சூரிய மறைவை ஒட்டி, மூன்று நான்கு மணி எல்லைக்குள் விழுமாயின், ஒரு நாள் மாறுபடும் வாய்ப்பை நிரல் எச்சரிக்க வேண்டும்.

மூன்றாவது, காலப்பரப்பை விடையாகத் தரும் ஆற்றல் நிரலுக்கு வேண்டும். பொருந்தும் நாள்கள் பலவாயின் அனைத்தையும் பட்டியலிட வேண்டும்; பொருந்தாதபோது 'இல்லை' என்று சொல்ல வேண்டும். அண்டை நாளைத் தேடித் தந்துவிட்டு அமைதியாக இருத்தல் கூடாது.

நான்காவது, ஆவணத்தில் உள்ளது உள்ளபடியே ஒரு புலத்திலும், மாற்றப்பட்ட தேதி மற்றொரு புலத்திலும் இருக்க வேண்டும். மூலபாடத்தையும் திருத்தபாடத்தையும் பிரித்துக் காட்டும் பதிப்பு நெறி தேதிக்கும் உரியது.

ஐந்தாவது, நிரலுக்குச் சோதனைத் தேதிகள் வேண்டும். விதிகள் ஒத்துப்போகும் நாள்களைக் கொண்டு சோதிப்பதில் பயன் குறைவு. அவை முரண்படும் நாள்களைத் தேர வேண்டும். 1882 டிசம்பர் 11 அத்தகைய ஒரு நாள். 1746 செப்டம்பர் 10 மற்றொன்று.

8. நிறைவுரை

டெர்ஷோவிட்ஸும் ரெயின்கோல்டும் தம் நிரலை அச்சில் வைத்ததனால்தான் அதன் விதி ஒடிசாவுக்குரியது என்று நாம் காட்ட முடிகிறது. அதன் சித்தாந்தம் எது, இடம் எது என்று கேட்க முடிகிறது. மூடிய நிரலிடம் இவ்வினாக்களை எழுப்பவே இயலாது. அவ்வகையில் இங்குக் கூறப்பட்ட குறைகள் அனைத்தும் அந்நூலின் நேர்மையால் வெளிப்பட்ட குறைகள். அதனைப் பயன்படுத்தும் தமிழாய்வாளர் அந்நேர்மையைத் தம் அடிக்குறிப்பிலும் பின்பற்றுதல் தகும். 'கணினி வழி மாற்றப்பட்டது' என்று எழுதுவது போதாது. எந்த நிரல், எந்த விதி, எந்தச் சித்தாந்தம், எந்த இடம் என்பவற்றை எழுத வேண்டும். அவ்வாறு எழுதப்பட்ட தேதி பிழையாயினும் பின்வருபவரால் திருத்தப்படும். எழுதப்படாத தேதி சரியாக இருந்தாலும் அதைச் சரியென்று அறிய எவருக்கும் வழியிராது.